ஓசூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்தப் பிரச்சினைக்கு எந்தக் காவல் நிலையம்?

வேலைக்காக விழுப்புரம், திருவண்ணாமலை, தஞ்சாவூர் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து இறங்குகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே எல்லாம் தெரிந்துகொள்கிறார்கள். எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும், கம்பெனி பஸ் எங்கே நிற்கும், அட்வான்ஸ் குறைவாக அறை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். தான் குடியிருக்கும் தெரு எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் வருகிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வண்டி தொலைந்த பிறகு, பணம் போன பிறகு, ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும்போதுதான் அந்தக் கேள்வியே வருகிறது.

புகார் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இரண்டு விஷயம். சரியான கதவைத் தட்டுங்கள். கையில் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில், யாருக்கு மேல் யார்

தமிழ்நாடு காவல்துறைக்குத் தலைவர் சென்னையில் இருக்கும் டி.ஜி.பி. மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐ.ஜி. நம் பகுதி மேற்கு மண்டலம், தலைமையிடம் கோவை. மண்டலத்துக்குக் கீழே சரகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டமும் சேர்ந்தது சேலம் சரகம், அதற்கு ஒரு டி.ஐ.ஜி. அதற்குக் கீழே மாவட்டத்துக்கு ஒரு காவல் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் வந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதனால் ஓசூர்க்காரருக்கு எஸ்.பி. அலுவலகம் கிருஷ்ணகிரியில். பாலக்கோடு, பென்னாகரம், அரூர்க்காரருக்குத் தருமபுரியில்.

சேலம் மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் இருக்கிறார், இங்கே ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. பெருநகரங்களில் மட்டும்தான் கமிஷனர் முறை. அங்கே சில நிர்வாக நடுவர் அதிகாரங்களும் கமிஷனரிடமே இருக்கும். நம்மைப் போன்ற மாவட்டங்களில் கூட்டம் கூடத் தடை போடுவது மாதிரியான உத்தரவுகள் கலெக்டர், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வழியாகத்தான் வரும். மாவட்டக் காவல்துறைக்கு அடிப்படையான சட்டம் 1859-ல் போட்டது, இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

மாவட்டம் உட்கோட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.எஸ்.பி. ஓசூருக்குச் சில சமயம் இளம் ஐ.பி.எஸ். அதிகாரி ஏ.எஸ்.பி.யாக வருவார், வேலை ஒன்றுதான். அவருக்குக் கீழே ஆய்வாளர், உதவி ஆய்வாளர், சிறப்பு உதவி ஆய்வாளர், தலைமைக் காவலர், முதல்நிலைக் காவலர், இரண்டாம்நிலைக் காவலர் என்று வரிசை இறங்கும். தோளைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். சிவப்பு நீலப் பட்டையோடு இரண்டு நட்சத்திரம் என்றால் உதவி ஆய்வாளர், பட்டையோடு மூன்று என்றால் ஆய்வாளர். மூன்று நட்சத்திரம் இருந்து பட்டை இல்லையென்றால் அவர் டி.எஸ்.பி. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுவது நல்லது. "இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்கிற பலர் பார்த்தது உதவி ஆய்வாளரைத்தான்.

உங்கள் ஸ்டேஷன் எது?

ஓசூர் ஒரே ஊர்தான், ஆனால் ஸ்டேஷன்கள் பல. டவுன், ஹட்கோ, சிப்காட், ஊரை ஒட்டி மத்திகிரி, பாகலூர், கொஞ்சம் தள்ளி சூளகிரி. அறை ஒன்றின் எல்லையிலும், கம்பெனி இன்னொன்றின் எல்லையிலும் இருப்பது சாதாரணம். சம்பவம் நடந்த இடம்தான் எல்லையைத் தீர்மானிக்கும், உங்கள் முகவரி அல்ல. சிப்காட் எல்லையில் வண்டியை நிறுத்தி அங்கே திருடு போனால், நீங்கள் மத்திகிரியில் குடியிருந்தாலும் வழக்கு சிப்காட்டுக்குத்தான் போகும்.

அறை எடுத்த அன்றைக்கே வீட்டு ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டால் அருகில் உள்ள நிலையத்தையும் காட்டும், ஆபத்தில் ஒரு அழுத்தில் உதவியும் கேட்கலாம். ஸ்டேஷன் போன் நம்பரைச் சேமித்து வைக்கும்போது அந்த உட்கோட்ட டி.எஸ்.பி. அலுவலக நம்பரையும் சேர்த்து வையுங்கள்.

எல்லைப்புற ஊர் என்பதால் இங்கே இன்னொரு சிக்கல். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகா. அங்கே நடப்பதை விசாரிப்பது கர்நாடக போலீஸ். எல்லை ஓரத்தில் போன் சில சமயம் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கும், அவசர அழைப்பும் அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கே போய்விடலாம். 112-ஐ அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே "ஓசூர், தமிழ்நாடு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.

எல்லை தெரியாமல் தப்பான ஸ்டேஷனுக்குப் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். அத்திப்பள்ளி பஸ்ஸில் நகை பறிபோன பெண் ஓசூர் டவுனிலும் புகார் கொடுக்கலாம். இருந்தாலும் சிசிடிவி, சாட்சி எல்லாம் சம்பவ இடத்தில் இருப்பதால், முடிந்தால் அங்கேயே போவது விசாரணைக்கு நல்லது.

சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனைத் தவிர

அடிதடி, திருட்டு, மிரட்டல் எல்லாம் சாதாரண நிலையத்துக்கு. அதைத் தவிரச் சில கதவுகள் இருக்கின்றன.

குடும்ப வன்முறை, வரதட்சணை, பெண்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டில் 1992-ல் தொடங்கிய முறை இது. 181 பெண்களுக்கான உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது. குழந்தைத் திருமணம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் இன்னும் ஒழியவில்லை. பக்கத்து வீட்டில் அப்படி ஏதாவது ஏற்பாடு நடந்தால் 1098-க்குச் சொல்லுங்கள், உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

நிலத்தில் போலிப் பத்திரம், வேலை வாங்கித் தருவதாகப் பெரிய தொகை மோசடி என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு. நகைச்சீட்டு, அதிக வட்டி ஆசை காட்டிப் பலரிடம் டெபாசிட் வாங்கிவிட்டு ஓடிய நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவு. சாதியின் பெயரால் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது நடக்கும் வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. புகார் கொடுக்கும்போதே அதை எழுத்தில் கேளுங்கள்.

ரயிலில் பை திருடு போனால் அது இருப்புப்பாதைக் காவல், ஜி.ஆர்.பி. அது மாநில போலீஸின் பிரிவு. ஆர்.பி.எஃப். மத்திய அரசுடையது, ரயில்வே சொத்துப் பாதுகாப்பு அதன் முதல் வேலை. ஓடுகிற ரயிலிலிருந்தே 139-ஐ அழைக்கலாம். யானை ஊருக்குள் வந்தாலோ, ராகிக் காட்டை மிதித்தாலோ வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும், இழப்பீட்டு மனுவும் அங்கேதான். போலீஸ் வந்தாலும் கூட்டத்தை ஒதுக்கத்தான் வரும்.

தேரோட்டத்திலும் எருது விடும் விழாவிலும் வரிசையாக நிற்கிற காவலர்களில் பலர் ஆயுதப்படையைச் சேர்ந்தவர்கள். கூடவே ஊர்க்காவல் படையினரும் இருப்பார்கள். பந்தோபஸ்து, கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. புகாரை அவர்களிடம் கொடுத்துப் பயனில்லை.

புகார் எழுதுவது

வண்டித் திருட்டை எடுத்துக்கொள்வோம், இங்கே அடிக்கடி வருவது அதுதான். வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலே போதும், டைப் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர், தந்தை பெயர், வயது, இப்போது இருக்கும் முகவரி, சொந்த ஊர் முகவரி, போன் நம்பர். பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், சிப்காட் காவல் நிலையம், ஓசூர். அப்புறம் பொருள் ஒரு வரி. விஷயத்தை இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வாடகைக்குக் குடியிருந்து தனியார் கம்பெனியில் வேலை செய்து வருகிறேன். 12-ஆம் தேதி இரவு 11.30 மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, என் இருசக்கர வாகனத்தை வீட்டு வாசலில் சைடு லாக் போட்டு நிறுத்தினேன். 13-ஆம் தேதி காலை 6 மணிக்குப் பார்த்தபோது வாகனம் அங்கே இல்லை. அக்கம்பக்கத்தில் தேடியும் விசாரித்தும் கிடைக்கவில்லை. யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள். என் வாகனத்தைக் கண்டுபிடித்துத் தருமாறும், திருடியவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குக் கீழே பதிவு எண், எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், நிறம், மாடல். கையெழுத்து, தேதி. இவ்வளவுதான். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கும், ஆனால் பாதிப் பேர் ஆர்.சி.யை வண்டியின் சைடு பாக்ஸிலேயே வைத்திருப்பார்கள், வண்டியோடு அதுவும் போய்விடும். இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

யார் மீதாவது சந்தேகம் இருந்தால் "சந்தேகப்படுகிறேன்" என்று எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து. கோபத்தில் நான்கு பேர் பெயரை அடுக்கினால் வழக்கு பலவீனமாகிவிடும். எதிர்வீட்டு சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். அந்த வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லி வைத்துவிட்டு, கேமரா இருக்கும் இடத்தைப் புகாரிலும் குறிப்பிடுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். வாசலில் பாரா நிற்பவரிடம் விஷயத்தைச் சொன்னால் வரவேற்பாளரிடம் அனுப்புவார். அங்கே பெயர், நம்பர், வந்த காரணம் எழுதிக்கொள்வார்கள். அதிகாரி ரோந்திலோ கோர்ட்டிலோ இருந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆய்வாளர் இல்லாவிட்டால் நிலையப் பொறுப்பில் இருப்பவர் வாங்க வேண்டும், "ஐயா வரட்டும்" என்று நாளைக்குத் தள்ள வேண்டியதில்லை. எழுத்து வராதவர் வாயால் சொன்னால் அவர்களே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆன்லைனில் தகவல் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

ரசீது

தமிழ்நாட்டில் புகார் வாங்கியதும் மனு ரசீது தருவார்கள். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதில் ஒரு எண் இருக்கும். உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது ஆதாரம், வழக்குப் பதிவானதாக அர்த்தமில்லை. வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். இன்சூரன்ஸ்காரர் கேட்பது எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆரைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்.

கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் ஒரு இடைவெளி வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை வரக்கூடிய குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். "விசாரிக்கிறோம்" என்று சொன்னால், இந்த 14 நாள் எப்போது தொடங்கியது என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்னொன்று, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருடு போனால் புதிய சட்டப்படி போலீஸ் நேரடியாக வழக்கெடுக்க முடியாத வகையில் வருகிறது. பழைய போன் விஷயத்தில் எஃப்.ஐ.ஆர். கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

போன் தொலைந்தால் சி.எஸ்.ஆர். நகலோடு மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. என்கிற போனின் அடையாள எண்ணைப் பதிந்து போனை முடக்கிவிடலாம். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் வரும், கையில் போன் இருக்கும்போதே குறித்து வையுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் மாதிரி ஆவணம் தொலைந்தால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

புகாரை வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், 173-ஆவது பிரிவே அதற்கு வழி சொல்கிறது. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு நாள், நேரிலும் கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர்க்கும் நாளுக்கு இதைக் கொண்டுபோனால் அங்கிருந்தும் எஸ்.பி.க்குத்தான் அனுப்புவார்கள், நாள்தான் வீணாகும். எஸ்.பி.யிடம் போயும் அசையவில்லை என்றால் வக்கீல் வைத்து நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் அங்கே நிற்க முடியாது.

வழக்கு பதிவான பிறகு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கிடைத்தால் ஸ்டேஷனிலிருந்து நேராக எடுத்து வர முடியாது, நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். கிடைக்கவே இல்லையென்றால் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று சான்று தருவார்கள், இன்சூரன்ஸுக்கு அது அவசியம்.

பணம் ஆன்லைனில் போனால்

இதில் ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்னால் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே போகும், முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் எங்காவது முடக்கிவிட வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்து தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவு, அப்புறம் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம். மெசேஜ்களை அவமானப்பட்டு அழித்துவிடாதீர்கள், அவைதான் ஆதாரம்.

வீடியோ காலில் யூனிஃபார்ம் போட்டு வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று சொல்பவன் மோசடிக்காரன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உன் பேங்க் கணக்கை ஒரு மாதத்துக்குக் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று அறை நண்பனின் நண்பன் கேட்பான். கொடுத்தால், யாரிடமோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கில் வந்து போகும். தேடி வரும் போலீஸ் ராஜஸ்தானிலிருந்தும் வரலாம், உங்கள் பெயர்தான் குற்றவாளிப் பட்டியலில் இருக்கும். ஏ.டி.எம். கார்டு, சிம் இரண்டையும் யாருக்கும் தராதீர்கள்.

நெடுஞ்சாலையில்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய் எல்லாம் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான். விபத்தைப் பார்த்தால் 108-ஐ அழையுங்கள், நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

போலீஸ் உங்களைக் கூப்பிட்டால்

போனில் "ஸ்டேஷனுக்கு வா" என்றால் என்ன விஷயம், எந்த நிலையம், அழைப்பவர் பெயர், பதவி என்ன என்று கேளுங்கள். சாட்சியாக அழைக்க எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலையில் நடுவரின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரிதான் வர வேண்டும்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வருபவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் லஞ்ச ஒழிப்புத்துறை இருக்கிறது, அது இந்த எஸ்.பி.க்குக் கீழே வராத தனி அமைப்பு. கைமாற்றுக் கடன், வாடகை அட்வான்ஸ், வரப்புத் தகராறு மாதிரி சிவில் விஷயங்களை ஸ்டேஷனில் பேசி முடிக்கச் சொல்லி யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்பவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களோடு தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கம்பெனியில் வேலை செய்கிற பலருக்கு இது தெரிவதே இல்லை. ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவை விசாரியுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். போகும்போது ஆதார், கம்பெனி அடையாள அட்டை, சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது நான்கையும் எடுத்துப் போங்கள்.